மூன்று சென்ட் புல்தரைக்கு எந்த மெஷின்?

வீட்டுப் புல்தரைக்கு ஒரு மெஷின் வாங்க வேண்டும், எது நல்லது என்று யாராவது கேட்டால், கடைசியாகப் புல் வெட்டி எத்தனை நாள் ஆயிற்று என்றுதான் நான் திருப்பிக் கேட்பேன். எத்தனை சதுர அடி, எவ்வளவு பட்ஜெட் என்பதெல்லாம் அப்புறம். வாரம் தவறாமல் வெட்டுகிற வீட்டுக்கு ஒரு மெஷின், இரண்டு மூன்று வாரம் விட்டு வெட்டுகிற வீட்டுக்கு வேறு மெஷின். வாங்கப் போனபோது எனக்கு இதை யாரும் சொல்லவில்லை. குதிரைத் திறனைச் சொன்னார்கள், வாட்டைச் சொன்னார்கள், பிளேடு அகலத்தைச் சொன்னார்கள்.

கோவை வடவள்ளியில் அம்மா இருக்கும் வீட்டுக்கு முன்னால் மூன்று சென்ட் புல்தரை, அதாவது சுமார் 1,300 சதுர அடி. வெயில் படும் பக்கம் பெர்முடா புல். பிள்ளையாருக்கு வைக்கும் அருகம்புல்லும் இதுவும் ஒன்றேதான், நர்சரியில் வெளியூர்ப் பெயரில் விற்கிறார்கள். மாமரத்து நிழலில் அருகு சரியாக வராது என்பதால் அங்கே அகல இலைப் புல், பஃபலோ என்று சொல்லிக் கொடுத்தார்கள். அம்மாவுக்கு 66 வயது. நான் சென்னையிலிருந்து மாதம் இரண்டு முறை போவேன். ஆக, அந்தப் புல்லை நான் பார்ப்பதே பதினைந்து நாளுக்கு ஒருமுறைதான்.

முன்பெல்லாம் மாதம் ஒருமுறை ஒருவர் நைலான் நரம்பைச் சுழற்றி வெட்டும் பிரஷ் கட்டரைத் தோளில் மாட்டிக்கொண்டு வந்து வெட்டிக் கொடுப்பார். அரை மணி நேர வேலை, ஆனால் ஒவ்வொரு முறையும் அடுத்த பத்து நாளைக்குத் தரை வைக்கோல் நிறத்தில் கிடக்கும். அந்தக் கருவி வரப்பையும் வேலியோரத்தையும் சுத்தம் செய்வதற்கானது. கையை இடமும் வலமுமாக வீசும்போது வெட்டும் உயரம் ஒரே மாதிரி இருக்காது, சில இடத்தில் நைலான் நரம்பு மண்ணையே சீவிவிடும். அருகம்புல்லை விலக்கிப் பார்த்தால் தெரியும்: பச்சை இலை மேலே ஒரு அங்குலத்துக்குள்தான் இருக்கிறது, கீழே முழுக்கப் பழுப்புத் தண்டு. மேலே உள்ளதைச் சீவிவிட்டால் மிச்சம் இருப்பது அந்தத் தண்டுதான்.

புல் வளர்ப்பவர்கள் ஒரு கணக்கு வைத்திருக்கிறார்கள். இருக்கும் உயரத்தில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் ஒரே தடவையில் எடுக்கக் கூடாது. ஒரு அங்குலத்தில் வைத்துக்கொள்ள ஆசைப்பட்டால் ஒன்றரை அங்குலம் வளர்ந்ததும் வெட்டிவிட வேண்டும். இரண்டு அங்குலத்தில் வைத்துக்கொள்ளத் தயார் என்றால் மூன்று அங்குலம் வரை விடலாம். கோடையில் தண்ணீர் குறைத்து ஊற்றும்போது அருகு மெதுவாகத்தான் வளரும், இந்தக் கணக்கு தொந்தரவு செய்யாது. ஐப்பசியில் நான்கு மழை விழுந்துவிட்டால் ஒரு வாரம்கூடப் பொறுக்காது. மெஷினைத் தேர்ந்தெடுக்கும்போது மனதில் வைக்க வேண்டியது இந்த ஐப்பசிப் புல்லைத்தான். நானோ மாசி மாதத்தில் போய் வாங்கினேன்.

முதலில் வாங்கியது கையால் தள்ளும் ரீல் மோவர். இரண்டு சக்கரம், நடுவில் உருளை மாதிரி சுற்றும் ஐந்து வளைந்த பிளேடுகள், அடியில் அசையாத ஒரு பட்டைக் கத்தி. தள்ளும்போது சக்கரம் உருளையைச் சுற்றும், பிளேடுக்கும் பட்டைக் கத்திக்கும் நடுவில் அகப்படும் புல்லைக் கத்தரிக்கோல் போல நறுக்கும். இதுதான் உலகத்தின் முதல் புல்வெட்டும் மெஷின். இங்கிலாந்தில் ஸ்ட்ரவுட் என்ற ஊரில் எட்வின் பட்டிங் என்பவர் 1830-ல் காப்புரிமை வாங்கினார். கம்பளித் துணியின் மேலே நீட்டிக்கொண்டிருக்கும் பிசிறை ஒரே மட்டத்தில் சீவ மில்லில் வைத்திருந்த இயந்திரத்தைப் பார்த்துத்தான் அவருக்கு இந்த யோசனை வந்தது. மில் ஊரில் பிறந்தவன் என்பதால் எனக்கு இந்தச் செய்தி மிகவும் பிடிக்கும்.

ரீல் வெட்டிய புல்லைக் குனிந்து பார்க்க வேண்டும். இலை நுனி பிளேடால் சீவின வெண்டைக்காய் மாதிரி சுத்தமாக இருக்கும், இரண்டு நாள் கழித்தும் பழுக்காது. சத்தம் கிர்ர்ரென்று மெலிதாக வரும், காலை ஆறு மணிக்கு வெட்டினாலும் பக்கத்து வீட்டில் யாரும் எழுந்துகொள்ள மாட்டார்கள். கரண்ட் வேண்டாம், பெட்ரோல் வேண்டாம். எடை ஏழெட்டு கிலோதான் என்பதால் அம்மாவே தூக்கி ஓரமாக வைத்துவிடுவார். மாசி முதல் வைகாசி வரை அந்த மெஷினைப் போல நல்ல பொருள் இல்லை என்றே நினைத்திருந்தேன்.

மழை வந்ததும் நிலைமை மாறியது. பதினைந்து நாள் கழித்துப் போய்ப் பார்த்தால் புல் மூன்றரை அங்குலம், நடுநடுவே அருகின் பூங்கதிர்கள் நீட்டிக்கொண்டு நிற்கின்றன. ரீல் அவற்றின் மேல் ஏறும்போது கதிர் முன்பக்கமாக மடங்கிப் படுத்துக்கொள்ளும், மெஷின் கடந்து போனதும் மறுபடி எழுந்து நிற்கும். உயரமான புல்லும் அப்படித்தான், பாதி வெட்டுப்படும், பாதி சாய்ந்து தப்பிக்கும். மாமரத்தடியில் பஃபலோ புல்லை இரண்டரை, மூன்று அங்குலத்தில் வைத்தால்தான் நன்றாக இருக்கும். என் ரீலில் உயரத்தைக் கூட்டினால் ஒன்றரை அங்குலத்தோடு முடிந்துவிடுகிறது. அப்புறம் சுள்ளி. வேப்பம்பழக் காம்பு அளவுக்கு ஒரு குச்சி பிளேடுகளுக்கு நடுவில் சிக்கினால் போதும், மெஷின் டக்கென்று நின்று கைப்பிடி வயிற்றில் இடிக்கும். மரம் உள்ள தோட்டத்தில் ரீல் தள்ளுவதற்கு முன்னால் குனிந்து குனிந்து சுள்ளி பொறுக்குவது தனி வேலை.

இவ்வளவு சொன்னாலும் ரீலை நான் தள்ளிவிடச் சொல்ல மாட்டேன். இரண்டு சென்டுக்குள், மேடு பள்ளம் இல்லாத தரை, அருகு அல்லது அது மாதிரி மெல்லிய புல், வீட்டிலேயே இருக்கும் ஒருவர் வாரம் ஒரு முறை காலையில் இருபது நிமிடம் நடக்கத் தயார் என்றால், வேறு எதுவும் வாங்க வேண்டாம். கொரியன் புல் போட்டவர்கள் மட்டும் ஒரு விஷயம் கவனிக்க வேண்டும். அந்தப் புல் விறைப்பானது. மெதுவாகத்தான் வளரும், ஆனால் கூர் மழுங்கிய ரீலால் அதில் தள்ளினால் தோள்பட்டை வலி எடுத்துவிடும்.

கூர் பார்க்க ஒரு எளிய வழி இருக்கிறது. மெஷினைக் கவிழ்த்து, செய்தித்தாளை இரண்டு விரல் அகலத்துக்குக் கிழித்து, பிளேடுக்கும் பட்டைக் கத்திக்கும் நடுவில் கொடுத்து, உருளையைக் கைப்படாமல் ஒரு குச்சியால் மெல்லச் சுற்றிப் பாருங்கள். இடது ஓரம், நடு, வலது ஓரம் என்று மூன்று இடத்திலும் தாள் சுத்தமாக நறுக்கப்பட வேண்டும். ஓரிடத்தில் மடங்கி உள்ளே போனால் அங்கே இடைவெளி கூடிவிட்டது என்று அர்த்தம், பக்கத்து திருகை ஒரு கால் சுற்று திருப்பினால் சரியாகலாம். இந்தச் சோதனையைக் கடையிலேயே செய்து பார்க்கலாம், புது மெஷினிலும் சில நேரம் திருகு சரியாக வைக்கப்பட்டிருக்காது. ஒரே சிக்கல், சாணை. வீதியில் வரும் சாணைக்காரரிடம் கொடுக்கும் வேலை இல்லை இது. ஐந்து வளைந்த பிளேடுகளும் ஒரே அளவில் தேய வேண்டும். தேய்ப்புப் பசை தடவி உருளையைப் பின்பக்கமாகச் சுற்றித் தேய்க்கும் முறை ஒன்று உண்டு, பொறுமை இருந்தால் வீட்டிலேயே செய்யலாம்.

சரி, ரோட்டரிக்கு வருவோம். கரண்ட், பேட்டரி, பெட்ரோல் என்று எதில் ஓடினாலும் வீட்டுக்கு விற்கும் மெஷின்களில் பெரும்பாலானவை இந்த வகைதான். ஃபேன் இறக்கை மாதிரி ஒற்றைப் பிளேடு தரைக்கு இணையாகச் சுற்றும். கத்தரிப்பது கிடையாது, வேகத்தால் அடித்து வெட்டுவது. 40 சென்டிமீட்டர் பிளேடு நிமிடத்துக்கு 3,000 முறை சுற்றினால் அதன் நுனி மணிக்கு 220 கிலோமீட்டருக்கு மேல் போகிறது. அதனால்தான் உயரமான புல், கதிர், சின்னச் சுள்ளி எதையும் பொருட்படுத்தாமல் வெட்டுகிறது. அதே காரணத்தால், பிளேடு மழுங்கினால் இலையை வெட்டாமல் கிழிக்கும். மறுநாள் காலையில் பார்த்தால் ஒவ்வொரு நுனியிலும் வெள்ளை நார் தொங்கும், தூரத்தில் நின்று பார்த்தால் தரை மேல் சாம்பல் பூத்தது போலத் தெரியும். ஆனால் இந்தப் பிளேடை ஒரே நட்டைக் கழற்றி எடுத்துவிடலாம், அரத்தால் நாமே தீட்டலாம். தீட்டியதும் நடு ஓட்டையைச் சுவரில் அடித்த ஆணியில் மாட்டிப் பாருங்கள். ஒரு பக்கம் சாய்ந்தால் அந்தப் பக்கம் கனம் கூட, இன்னும் கொஞ்சம் தேய்க்க வேண்டும். சமன் இல்லாத பிளேடு மெஷினையே உதற வைக்கும்.

இதில் எதை எடுப்பது என்று எழுதிவைத்துக் கணக்குப் போட்டேன். முதலில் அகலம். கடைக்காரர்கள் பெரும்பாலும் 46, 53 சென்டிமீட்டர் மெஷினைக் காட்டுவார்கள், வேலை சீக்கிரம் முடியும் என்பார்கள். எங்கள் தரை 121 சதுர மீட்டர். 40 சென்டிமீட்டர் மெஷினில் ஒரு வரிசைக்கும் அடுத்ததற்கும் நடுவே 5 சென்டிமீட்டர் மேலேறி வெட்டினால், மொத்தம் நடக்க வேண்டியது சுமார் 345 மீட்டர். 53 சென்டிமீட்டர் மெஷினில் அதே மாதிரி கணக்குப் போட்டால் 250 மீட்டர். மிச்சமாவது நூறு மீட்டர் நடை, இரண்டு மூன்று நிமிடம். அதற்காக முப்பது கிலோவுக்குக் குறையாத ஒரு மெஷினை மாமரத்தையும் செம்பருத்தியையும் சுற்றித் திருப்ப வேண்டும், கேட் வழியாக ஏற்றி இறக்க வேண்டும். பத்து சென்ட் தரை என்றால் கணக்கே வேறு, அங்கே அகலத்துக்கு மரியாதை உண்டு. ஐந்து சென்டுக்குக் கீழே 36 முதல் 42 சென்டிமீட்டர் வரை தாராளமாகப் போதும்.

அடுத்தது பெட்ரோல். பலம் என்று பார்த்தால் இதுதான் முதலிடம். ஈரப் புல், முழங்கால் உயரப் புல், எதுவானாலும் இழுத்துக்கொண்டு போகும். தானே முன்னால் நகரும் வகையை எடுத்தால் மேட்டிலும் கை வலிக்காது. தோட்டம் பெரியது, பிளக் பாயின்ட் எட்டாது, வெட்ட ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆகும் என்றால் தயங்காமல் பெட்ரோல் எடுக்கலாம். ஆனால் பதினைந்து நாளுக்கு ஒருமுறை இருபது நிமிடம் ஓடும் எஞ்சின் கெடுவது ஓட்டத்தால் அல்ல, சும்மா நிற்பதால். டேங்கில் மாதக்கணக்கில் கிடக்கும் பெட்ரோல் கார்பரேட்டரில் பிசினாகப் படியும். இப்போது நம் பங்க்குகளில் வரும் பெட்ரோலில் 20 சதவீதம் எத்தனால். அது காற்றிலுள்ள ஈரத்தை இழுக்கும். இந்தச் சின்ன எஞ்சின்கள் பலவற்றின் கையேட்டில் 10 சதவீதம் வரைதான் அனுமதி என்று போட்டிருக்கிறது, வாங்குமுன் அந்தப் பக்கத்தைக் காட்டச் சொல்லி வாசித்துவிடுங்கள். தவிர, முதல் ஐந்து மணி நேர ஓட்டத்துக்குப் பிறகு ஆயில் மாற்ற வேண்டும், ஏர் ஃபில்டர், ஸ்பார்க் பிளக் பார்க்க வேண்டும். பிளேடைக் கழற்ற மெஷினைச் சாய்க்கும்போது ஏர் ஃபில்டர் மேல்பக்கம் இருக்கும்படி சாய்க்க வேண்டும், இல்லையென்றால் ஆயில் அதற்குள் இறங்கிவிடும். பங்க்கில் பிளாஸ்டிக் பாட்டிலில் பெட்ரோல் தர மாட்டார்கள், தனி கேன் வேண்டும். கயிற்றை இழுத்து ஸ்டார்ட் செய்வதை 66 வயது அம்மாவிடம் ஒப்படைக்க எனக்கு மனம் வரவில்லை. எங்கள் வீட்டுக்குப் பெட்ரோல் இல்லை என்று அங்கேயே முடிவாகிவிட்டது.

மிஞ்சியது கரண்டும் பேட்டரியும். இதில்தான் ஒரு மாதம் யோசித்தேன்.

பேட்டரி மெஷினைக் கடையில் தள்ளிப் பார்த்தபோது மனசு அதிலேயே நின்றுவிட்டது. பின்னால் ஒயர் இழுபடவில்லை, சத்தம் மிக்ஸியைவிடக் குறைவு, பட்டனை அழுத்தினால் ஓடுகிறது. ஆனால் பெட்டியில் போட்டிருக்கும் எண்களைப் பெருக்கிப் பார்க்க வேண்டும். 36 வோல்ட், 4 ஆம்பியர்-ஹவர் என்றால் 144 வாட்-ஹவர். மோட்டார் சராசரியாக 500 வாட் இழுத்தால் 17 நிமிடத்தில் காலி. குட்டைப் புல்லில் இதைவிட நேரம் வரும், மழைக்காலத்துப் புல்லில் இதில் பாதிகூட வராமல் போகலாம். எங்கள் மூன்று சென்ட் சரியாக அந்த விளிம்பில் நிற்கிறது, இரண்டு பேட்டரி இல்லாமல் ஐப்பசியைத் தாண்ட முடியாது. இரண்டாவது பேட்டரியின் விலையைக் கேட்டால் மெஷினின் விலையில் பெரிய பங்கு வந்துவிடுகிறது. சில வருடத்தில் பேட்டரி வலுவிழந்தால் அதே செலவு மறுபடி வரும், அப்போது அந்த மாடல் பேட்டரி கிடைக்குமா என்ற கேள்வியும் இருக்கிறது. லித்தியம் பேட்டரிக்கு வெப்பம் ஆகாது. தகர ஷெட்டில், மொட்டைமாடிப் படிக்கட்டு அறையில் வைக்கக் கூடாது. வெட்டி முடித்த சூட்டோடு சார்ஜில் போடக் கூடாது, ஆற விட வேண்டும். வீட்டில் ஏற்கெனவே அதே கம்பெனியின் டிரில்லோ பிரஷ் கட்டரோ இருந்து, அந்தப் பேட்டரி இதிலும் பொருந்தும் என்றால் என் பதில் உடனே மாறிவிடும், பேட்டரியையே எடுங்கள். பிளக் எட்டாத தோட்டம், ஐந்து சென்டுக்குள், பெட்ரோல் வேண்டாம் என்பவர்களுக்கும் அதுதான்.

ஒயர் மெஷினின் பலமும் குறையும் அந்த ஒயர்தான். 1,400 வாட் மோட்டார் 230 வோல்ட்டில் சுமார் 6 ஆம்பியர் இழுக்கிறது. செல்போன் சார்ஜ் போடும் சாதாரண பிளக்கில் மாட்டக் கூடாது, மோட்டார் அல்லது கீசருக்குப் போடும் 16 ஆம்பியர் பாயின்ட் வேண்டும். எக்ஸ்டென்ஷன் ஒயர் 1.5 சதுர மில்லிமீட்டர் செம்புக் கம்பியாக இருக்க வேண்டும், சுருட்டி வைத்தபடி ஓட்டினால் சுருள் சூடாகி உறை இளகும், முழுவதும் விரித்துவிட வேண்டும். அந்த பாயின்டுக்கு 30 மில்லிஆம்பியர் ஆர்.சி.சி.பி., அதாவது மின்கசிவு வந்தால் உடனே கரண்டைத் துண்டிக்கும் சுவிட்ச், இல்லாமல் தயவுசெய்து இந்த மெஷினை ஓட்டாதீர்கள். ஈரத் தரை, வெறுங்கால், ஒயருக்கு அருகில் சுற்றும் பிளேடு மூன்றும் சேரும் வேலை இது. எங்கள் வீட்டில் அது இல்லை. எலக்ட்ரீஷியன் அண்ணனை வரச்சொல்லி மெயினில் மாட்டிய பிறகுதான் மெஷினையே வாங்கினேன்.

ஒயரை வெட்டிவிடுவோமோ என்ற பயம் எல்லோருக்கும் உண்டு. அதற்கு நடக்கும் முறைதான் மருந்து. பிளக் இருக்கும் போர்டிகோவிலிருந்து ஆரம்பித்து, வீட்டுக்கு இணையாக இடமும் வலமுமாக நடந்து, வரிசைக்கு வரிசை வீட்டை விட்டு விலகிப் போக வேண்டும். ஒயர் எப்போதும் வெட்டி முடித்த பக்கத்திலேயே கிடக்கும். வலது தோளில் ஒரு சுற்று போட்டுக்கொண்டால் காலில் சிக்காது. இரண்டு தடவை செய்ததும் கை பழகிவிடுகிறது. செலவும் சொற்பம்: 1,400 வாட் அரை மணி நேரம் முழுசாக ஓடினாலும் 0.7 யூனிட்தான். எடை 13 கிலோ அளவில்தான் வருகிறது, ஆயில் இல்லை, ஃபில்டர் இல்லை, மூன்று மாதம் சும்மா கிடந்தாலும் பிளக்கை மாட்டினால் ஓடும். என்னைப் போல விட்டுவிட்டு வருகிறவனுக்கு இந்தக் கடைசிக் குணம்தான் எல்லாவற்றையும்விடப் பெரிதாகப் பட்டது.

அதைத்தான் எடுத்தேன். 38 சென்டிமீட்டர், உயரத்தை ஒரே நெம்புகோலில் மாற்றும் வகை. நான்கு சக்கரத்தையும் தனித்தனியாகக் கழற்றி மாட்டும் வகையை வாங்காதீர்கள், அருகுக்கு ஓர் உயரம், மாமரத்தடிக்கு வேறு உயரம் என்று மாற்றுவதற்குள் சலித்துப்போய் எல்லாவற்றையும் ஒரே உயரத்தில் வெட்ட ஆரம்பித்துவிடுவோம். ரீலையும் விற்கவில்லை. கார்த்திகை முடியும் வரை ரோட்டரி, தை மாதம் தொடங்கி ரீல். வெயில் காலத்தில் நான் வராத வாரங்களில் அம்மாவே காலையில் செடிக்குத் தண்ணீர் விட்ட கையோடு முன்பக்கத்து ஒரு சென்டை மட்டும் தள்ளிவிடுகிறார்.

வெட்டிய புல்லைப் பற்றி ஒரு வார்த்தை. கூடையில் பிடித்துக் குப்பையில் கொட்டாதீர்கள். சின்னதாக நறுக்கித் தரையிலேயே விட்டால் மண்ணுக்குத் தழைச்சத்து திரும்பிப் போகிறது. மழைக்காலத்தில் கட்டியாக விழுந்தால் மட்டும் கூடையை மாட்டுங்கள், ஈரப் புல் கட்டி கிடக்கும் இடத்தில் அடியில் உள்ள புல் மஞ்சளாகிவிடும். கூடையில் வருவதை மாமரத்துக்கு மூடாக்காகப் போடலாம்.

கடையில் பணம் கட்டுமுன் ஒன்று பாருங்கள். மெஷினை ஓட விட்டு, கைப்பிடியில் உள்ள பிடியை விடுங்கள். பிளேடு மூன்று வினாடிக்குள் நிற்க வேண்டும். அமெரிக்காவில் 1982 முதல், பின்னால் நின்று தள்ளும் மெஷின்களுக்கு இது சட்டம். பிடியை விட்ட பிறகும் நீண்ட நேரம் சுற்றிக்கொண்டே இருக்கும் மெஷினை, விலை எவ்வளவு குறைந்தாலும், குழந்தைகள் ஓடும் வீட்டுக்குள் கொண்டுவராதீர்கள். கைப்பிடி மடங்குகிறதா, உங்கள் வீட்டில் தள்ளப்போகிறவரின் இடுப்பு உயரத்துக்கு வருகிறதா என்றும் பாருங்கள். நான் அம்மாவைக் கடைக்கு அழைத்துப்போய்த் தள்ளிப் பார்க்கச் சொன்னேன், முதலில் பிடித்திருந்த மாடலின் கைப்பிடி அவருக்கு நெஞ்சளவில் இருந்தது.

அப்புறம், வாங்கும் அன்றே அதே மாடலுக்கு ஒரு ஸ்பேர் பிளேடும் கேட்டு வாங்கிவிடுங்கள். கடையில் அது இல்லை, ஆர்டர் போட்டால்தான் வரும் என்றால் வந்த பிறகு மெஷினை எடுத்துக்கொள்கிறேன் என்று சொல்லுங்கள். ஒரு பிளேடு கூர் தீட்டப் போயிருக்கும் வாரத்தில் இன்னொன்று வீட்டில் இருக்கும்.